குறைந்த எடை குறைந்தபடியே இருக்க: சமையலறையிலிருந்து தொடங்கும் வழிமுறை

சாத்தூரில் சர்க்கரை நோய்க்கென இருக்கும் ஒரு சிறிய மருத்துவமனையில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். எடை குறைக்க வேண்டும் என்று என் மேசைக்கு வருகிறவர்களில் பலர் ஏற்கெனவே ஒருமுறையாவது குறைத்துக் காட்டியவர்கள். ஒருவர் பேலியோ முறையில் இருந்திருப்பார், இன்னொருவர் இரவு உணவை அடியோடு விட்டிருப்பார், மகள் கல்யாணத்துக்கு முன் கொள்ளுக் கஞ்சி மட்டும் குடித்து இளைத்தவர்களும் உண்டு. எடை குறைந்தது உண்மை. திரும்பி வந்ததும் உண்மை. அதனால் முதல் நாளிலேயே உணவு அட்டவணை எழுதிக் கொடுக்கும் வழக்கம் எனக்கு இல்லை. நேற்றுக் காலை எழுந்ததிலிருந்து படுக்கும்வரை என்ன நடந்தது என்று சொல்லச் சொல்வேன். என்ன சாப்பிட்டார் என்பதோடு எங்கே உட்கார்ந்தார், யார் பரிமாறினார், வீட்டுக்கு வரும் வழியில் எந்தக் கடையில் நின்றார் என்பதும் எனக்கு வேண்டும். நீண்ட நாள் நிலைக்கும் மாற்றம் அந்த இடங்களில்தான் ஒளிந்திருக்கிறது.

போன எடை ஏன் திரும்பி வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பழி நீங்கும். மெல்போர்னில் ஆய்வாளர்கள் சிலரைப் பத்து வாரக் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் வைத்து எடை குறைக்கச் செய்தார்கள். ஓராண்டு கழித்து அவர்கள் இரத்தத்தை மறுபடி பரிசோதித்தார்கள். 2011இல் வெளியான அந்த ஆய்வில், பசியைத் தூண்டும் ஹார்மோன் அப்போதும் உயர்ந்தே இருந்தது. வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்லும் ஹார்மோன்கள் அப்போதும் தாழ்ந்தே இருந்தன. இளைத்த உடல், இழந்ததைத் திரும்பப் பெற மாதக்கணக்கில் முயல்கிறது. இந்த நிலையில் ஒருவரிடம் போய் "உனக்கு மன உறுதி போதாது" என்று சொல்வது கொடுமை. யாராவது உங்களிடம் அப்படிச் சொல்லியிருந்தால் அதை மனத்திலிருந்து எடுத்துவிடுங்கள். மன உறுதி காலையில் இருக்கும், மாலை ஆறு மணிக்குக் களைத்துப் போயிருக்கும். களைத்த நேரத்திலும் நடக்கக்கூடிய ஏற்பாடுகள்தான் நமக்குத் தேவை.

இது புதிய யோசனையும் அல்ல. 1967இல் ரிச்சர்ட் ஸ்டூவர்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர், எட்டுப் பேரிடம் சாப்பாட்டைச் சுற்றியிருக்கும் பழக்கங்களை மட்டும் மாற்றச் சொல்லிப் பார்த்தார்: எழுதி வையுங்கள், ஒரே இடத்தில் அமர்ந்து சாப்பிடுங்கள், சாப்பிடும்போது வேறு வேலை வேண்டாம். ஓராண்டில் அவர்கள் ஏறக்குறைய 12 முதல் 21 கிலோவரை குறைத்தார்கள். இன்று உலகம் முழுவதும் நடக்கும் நடத்தை சார்ந்த எடைக் குறைப்புச் சிகிச்சைகள் பலவற்றுக்கு அதுவே தொடக்கம்.

முதல் வாரம்: எதையும் மாற்றாதீர்கள், எழுதுங்கள்

சட்டைப் பையிலோ கைப்பையிலோ அடங்கும் சிறிய நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்குங்கள். வாயில் போடும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி: மணி, பொருள், அளவு, இடம், கூட இருந்தவர், அதற்குச் சற்று முன் நடந்தது. இரவு உட்கார்ந்து மொத்தமாக எழுதினால் பயனில்லை. பாதி மறந்துபோகும், மறக்கிற பாதிதான் நமக்கு வேண்டியது. சாப்பிட்ட உடனே எழுதுங்கள். முடிந்தால் சாப்பிடும் முன்பே எழுதுங்கள்.

பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் என்னிடம் வந்தார். மூன்று வேளையும் அளவாகத்தான் சாப்பிடுவதாகச் சொன்னார். நோட்டைப் பார்த்தபோது அது உண்மைதான். ஆனால் ஒவ்வொருமுறை காராச்சேவு எடை போடும்போதும் தராசில் மிஞ்சியது கைக்கும், கையிலிருந்து வாய்க்கும் போயிருந்தது. கடைக்கு யார் வந்தாலும் ஒரு டீ. நாளுக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை. ஒரு தேக்கரண்டி 5 கிராம் என்றால் டீயில் மட்டும் 50 கிராம் சர்க்கரை, 200 கலோரி. அவர் சாப்பாட்டில் சோற்றைக் குறைக்கச் சொல்லி அனுப்பியிருந்தால் பசியோடு சில வாரம் இருந்துவிட்டுத் திரும்பியிருப்பார். நாங்கள் சோற்றைத் தொடவே இல்லை. சேவு டப்பாக்களைக் கல்லாப்பெட்டிக்கு எதிர்ப்பக்கம், பையன் நிற்கும் இடத்துக்கு மாற்றினார். டீயில் சர்க்கரையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரைத் தேக்கரண்டி வீதம் குறைத்துக்கொண்டே வந்தார். மெதுவாகக் குறைத்தால் நாக்கு பழகிக்கொள்கிறது; ஒரே நாளில் நிறுத்தினால் நாக்கு சண்டை போடுகிறது.

எழுதுவதன் பலனை அமெரிக்காவில் ஏறக்குறைய 1,700 பேரை வைத்து நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வும் காட்டியது: வாரத்தில் ஆறு நாளாவது எழுதியவர்கள், வாரம் ஒரு நாளோ அதைவிடக் குறைவாகவோ எழுதியவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை குறைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாக்களும் என்னிடம் வருகிறார்கள். தட்டைக் கைப்பேசியில் படம் எடுத்தால் போதும். அதுவும் இல்லையென்றால் ஒரு சிறிய டப்பாவில் சாப்பாடு தவிர்த்த ஒவ்வொரு தீனிக்கும் ஒரு புளியங்கொட்டை போடச் சொல்வேன். இரவில் எண்ணிப் பார்ப்பார்கள்.

வாரம் முடிந்ததும் நோட்டில் ஒன்றைத் தேடுங்கள்: பசி இல்லாமல் சாப்பிட்ட இடங்கள். அவற்றில் எளிதாக மாற்றக்கூடிய இரண்டை மட்டும் வட்டமிடுங்கள். மூன்றாவதை இந்த மாதம் தொடவேண்டாம்.

சமையலறை

எங்கள் வட்டாரத்தில் வாழ்வது எளிதல்ல என்பதை நான் மனமாரச் சொல்கிறேன். சாத்தூர் சேவு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, கோவில்பட்டி கடலைமிட்டாய், விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா. ஒன்றரை மணி நேர பஸ் பயணத்துக்குள் எல்லாம் கிடைக்கும். யார் வீட்டுக்குப் போனாலும் கையில் ஒரு பொட்டலத்தோடு போவதுதான் இங்கே மரியாதை. ஆகவே "வாங்காதீர்கள்" என்று நான் சொல்வதில்லை. வீட்டுக்குள் வந்தபின் அது எங்கே இருக்கிறது என்பதில்தான் கவனம் வைக்கச் சொல்கிறேன். பார்வைபடும் இடத்தில் கண்ணாடி ஜாடியில் இருக்கும் சேவை நாளுக்குப் பத்துமுறை மறுக்க வேண்டியிருக்கிறது. ஏணி போட்டு ஏறவேண்டிய பரணில், மூடி இறுக்கிய எவர்சில்வர் தூக்கில் இருந்தால் அந்தப் பத்துமுறையும் இல்லை. அரைக்கிலோவுக்குப் பதில் நூறு கிராம் வாங்குங்கள். விருந்தாளி கொண்டுவந்த பால்கோவாவை அன்றே தட்டில் வைத்து எல்லோரும் பகிர்ந்து சாப்பிட்டு, மீதியைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புங்கள். கண்ணில் படும் இடத்தில் கொய்யாவும் வெள்ளரியும் இருக்கட்டும்.

அடுத்தது எண்ணெய். இதைப்பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வேறு எந்த ஒரு மாற்றமும் வீட்டிலுள்ள அத்தனை பேருக்கும் இவ்வளவு பயன் தருவதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2,000 கலோரி உணவுக்குப் பரிந்துரைக்கும் எண்ணெய், நெய் அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 27 கிராம். நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு மாதத்துக்கு ஏறக்குறைய மூன்றரை லிட்டர். உங்கள் மளிகைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், பாமாயில், நெய் எல்லாவற்றையும் கூட்டுங்கள். ஆறு லிட்டர் வரும் வீடுகளை நான் அடிக்கடி பார்க்கிறேன். கூடுதலான இரண்டரை லிட்டர் என்பது ஆளுக்கு நாளுக்கு ஏறக்குறைய 170 கலோரி. கடையில் வாங்கும் தீனி இதில் சேரவில்லை.

செய்ய வேண்டியது இதுதான். ஞாயிற்றுக்கிழமை அந்த வாரத்துக்கான எண்ணெயை ஒரு பாட்டிலில் அளந்து ஊற்றிவிடுங்கள். நான்கு பேருக்கு 800 மில்லி. கேனைப் பரணில் ஏற்றுங்கள். தாளிக்கக் கரண்டியால் ஊற்றாமல் தேக்கரண்டியால் ஊற்றுங்கள். தோசைக்கல்லில் சுற்றி ஊற்றுவதற்குப் பதில் பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்க்கும் பழைய முறைக்குத் திரும்புங்கள். பூரிக்கோ அப்பளத்துக்கோ எண்ணெய் எடுத்தால் அதே பாட்டிலிலிருந்துதான் எடுக்க வேண்டும். புதன்கிழமை பாட்டில் காலியாகும் நிலைக்கு வந்தால் வியாழன், வெள்ளி இட்லி, ஆவியில் வேகும் கொழுக்கட்டை என்று சமையல் தானாக மாறும். யாரும் யாரையும் கண்டிக்க வேண்டியதில்லை. பாட்டில் சொல்லிவிடும்.

இனி, இதை வாசிக்கும் வீட்டுப் பெண்களுக்கு மட்டும் ஒன்று. நோட்டுகளில் நான் மீண்டும் மீண்டும் பார்ப்பது, பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்ததையும் சட்டியின் அடியில் நின்றதையும் வீணாகிவிடக் கூடாதே என்று வாயில் போட்டுக்கொள்வது. அதை எந்த அம்மாவும் சாப்பாடு என்று கணக்கில் வைப்பதில்லை. பிறகு எல்லோரும் சாப்பிட்டு முடிந்து மூன்று மணிக்கு, பசி தாங்காமல் நின்றபடியே தன் சாப்பாடு. இதற்குத் தீர்வு "சாப்பிடாதே" என்பது அல்ல. அரிசியைக் கண் அளவில் போடாமல் டம்ளரால் அளந்து போடுங்கள். மூன்று நாள் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்து அந்த அளவைக் குறையுங்கள். மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றினால் காலைக் கஞ்சி. பிள்ளைகளுக்கு முதலில் பாதி வையுங்கள், கேட்டால் மீண்டும் வையுங்கள். நீங்கள் கடைசியில் சாப்பிடுவதை இன்றோடு நிறுத்துங்கள். பாத்திரங்களை நடுவில் வைத்துவிட்டுக் கூடவே உட்காருங்கள். உங்கள் உடம்பு வீட்டின் குப்பைக்கூடை அல்ல என்று நான் சில அம்மாக்களிடம் அழுத்திச் சொல்லியிருக்கிறேன். இப்போதும் சொல்கிறேன்.

தட்டைப் பொறுத்தவரை வரிசையை மட்டும் மாற்றுங்கள். முதலில் பொரியலும் கூட்டும் தட்டின் பாதியை நிறைக்கட்டும், பிறகு பருப்போ முட்டையோ மீனோ, கடைசியில் சோறு. சோறு வைத்தபின் காய்க்கு இடம் தேடினால் ஓரத்தில் ஒரு கரண்டிதான் விழும். தொலைக்காட்சி அணைந்திருக்கட்டும்.

"அப்படி வந்தால் இப்படி"

ஆபத்தான நேரத்தை முன்கூட்டியே யோசித்து, அந்த நேரம் வந்தால் என்ன செய்வேன் என்று ஒரு வாக்கியமாக எழுதிவைப்பது வெறும் உறுதிமொழியைவிட வலிமையானது. ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். "இனிமேல் குறைவாகச் சாப்பிடுவேன்" என்பதில் மணியும் இல்லை, இடமும் இல்லை. "அலுவலகத்தில் நான்கு மணிக்கு வடைத் தட்டு வந்தால், ஒன்றை எடுத்துக்கொண்டு தட்டை அடுத்த மேசைக்கு நகர்த்திவிடுவேன்" என்பதில் இரண்டும் இருக்கின்றன. "இரவு கடையடைத்து வரும்போது பரோட்டாக் கடை திறந்திருந்தால், தெருவின் மறுபக்கமாக வண்டியை ஓட்டுவேன்." இப்படி இரண்டு மூன்று போதும், நோட்டின் முதல் பக்கத்தில்.

உபசரிப்பு தனி விஷயம். சொந்தக்காரர் வீட்டில் மதினி இலையில் இன்னொரு கரண்டி வைக்க வரும்போது "வேண்டாம்" என்றால் அது அன்பை மறுப்பதாக ஆகிவிடுகிறது; அவர் இன்னும் வற்புறுத்துவார். வேறு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். "மதினி, ரசம் நன்றாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள்" என்று கேட்டால் அவருக்கும் நிறைவு, உங்களுக்கும் நிறைவு. கல்யாணப் பந்தியில் இலையில் விழுந்தபின் போராடுவதைவிட, பரிமாறுகிறவர் வரும்போதே இலையின் மேல் கையை வைத்து "பாதி போதும், தம்பி" என்று சொல்லிவிடுவது எளிது. டயட்டில் இருக்கிறேன் என்று அறிவிக்கவே வேண்டாம். அறிவித்தால் பந்தி முழுக்க அதுதான் பேச்சு.

நடைக்கும் இதே முறைதான். புதிதாக நேரம் ஒதுக்காமல், ஏற்கெனவே நடக்கும் ஒன்றோடு அதைக் கட்டிவிடுங்கள்: காலையில் பால் வாங்கப் போகும்போது அப்படியே இருபது நிமிடம், இரவுச் சாப்பாடு முடிந்து கை கழுவியதும் பதினைந்து நிமிடம். வாரம் 150 நிமிடம் முதல் இலக்கு. எங்கள் ஊர் வெயிலில் காலை ஏழரைக்குப் பின் வெளியே நடக்கச் சொல்லமாட்டேன். பழக்கமாக எத்தனை நாள் என்று கேட்பார்கள். லண்டனில் நடந்த ஓர் ஆய்வில் ஒரு புதிய செயல் தானாக நடக்கத் தொடங்க நடுத்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளே போதுமாக இருந்தது, சிலருக்கு 254 நாள்வரை ஆகும் என்று கணித்தார்கள். இடையில் ஒரு நாள் தவறியது பெரிதாகக் கெடுக்கவில்லை. மாதக் கணக்கில் பொறுமை வேண்டும் என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

தூக்கம் ஆறு மணி நேரத்துக்குக் கீழே போனால் மறுநாள் பசி கூடும். அதைச் சரிசெய்வது இந்தப் பட்டியலில் பாதியைவிட முக்கியமாகச் சிலருக்கு இருக்கும்.

தராசும் தடுமாற்றமும்

எடையை வாரத்துக்கு ஒருமுறையாவது பாருங்கள். காலையில், கழிப்பறை போய்வந்தபின், ஒரே தராசில். முந்தைய நாள் ஊறுகாயும் அப்பளமும் சாப்பிட்டிருந்தால் உப்பு தண்ணீரைப் பிடித்துவைத்து ஒரு கிலோ கூடுதலாகக் காட்டலாம். அது கொழுப்பு அல்ல. மனம் சோர்ந்துபோகிறவர்கள், முன்பு உணவை மறுத்தோ வாந்தி எடுத்தோ எடை குறைக்க முயன்றவர்கள் தராசை விட்டுவிட்டு மருத்துவரிடம் பேசுவதே நல்லது.

எடை குறைந்தபின் தராசின் பயன் இன்னும் பெரிது. அமெரிக்காவில் ரீனா விங் குழுவினர் 314 பேரை வைத்து நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில் எடைக்கு மூன்று நிறங்கள் வைத்தார்கள். ஏற்கெனவே எடை குறைத்து ஆய்வில் சேர்ந்த நாளின் எடையிலிருந்து ஏறக்குறைய 1.4 கிலோவுக்குள் இருந்தால் பச்சை, அதற்குமேல் மஞ்சள், 2.3 கிலோவைத் தாண்டினால் சிவப்பு. மஞ்சளில் எது தளர்ந்தது என்று பார்த்துச் சரிசெய்ய வேண்டும், சிவப்பில் எடை குறைப்பு முறையை முழுதாக மறுபடி தொடங்க வேண்டும். நேரில் சந்தித்து இந்தப் பயிற்சி பெற்றவர்களுக்கு எடை திரும்புவது குறைந்தது. பீரோக் கதவின் உட்பக்கத்தில் உங்கள் மூன்று எண்களை எழுதி ஒட்டுங்கள். சிவப்புக்கு வந்தால் என்னென்ன செய்வேன் என்பதை, எல்லாம் நன்றாகப் போகும் இந்த மாதத்திலேயே எழுதுங்கள். பத்துக் கிலோ ஏறியபின் எழுத மனம் வராது.

தீபாவளி வரும், பொங்கல் வரும், துக்க வீட்டுச் சாப்பாடும் வரும். ஒரு வேளை அதிகமாகச் சாப்பிடுவதால் யாரும் பருமனாவதில்லை. "இன்றைக்குக் கெட்டுவிட்டது, இனித் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்" என்ற எண்ணம்தான் சரிவைத் தொடங்கிவைக்கிறது. மறுசீரமைப்பு அடுத்த வேளையிலேயே நடக்க வேண்டும், பட்டினி இல்லாமல். அதிரசம் நான்கு சாப்பிட்டீர்களா? நோட்டில் எழுதுங்கள். இரவு வழக்கமான இரண்டு இட்லியும் சாம்பாரும்.

எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதில் பேராசை வேண்டாம். 80 கிலோ இருப்பவர் 4 முதல் 8 கிலோவரை குறைத்து அதைக் காப்பாற்றினாலே இரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் மாற்றம் தெரியும். சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை வைத்து நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வை நான் எல்லோருக்கும் சொல்வேன். உணவும் நடையும் மாறியவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்கள் எடையில் குறிப்பிடத்தக்க இறக்கம் ஏதும் இல்லை. தராசு அசையாத மாதத்திலும் உங்கள் உழைப்பு உடலுக்குள் வேலை செய்துகொண்டிருக்கிறது.

சிலர் இதைத் தொடங்கும் முன் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரையோ எடுப்பவர்கள் உணவைக் குறைத்தால் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துவிடலாம். மருந்தின் அளவை மருத்துவர் மாற்ற வேண்டும். தைராய்டு குறைபாடு, ஸ்டீராய்டு மருந்துகள், சில மனநல மருந்துகள் எடையை ஏற்றும். கர்ப்பிணிகள் எடை குறைக்க முயலக் கூடாது. எடை குறைக்கும் செமாகுளுடைடு, டிர்செபடைடு ஊசிகளைப் பற்றி இப்போது எங்கள் ஊரிலும் கேட்கிறார்கள். அவை பசியை உண்மையாகவே அடக்குகின்றன, தேவைப்படுகிறவர்கள் தயங்காமல் மருத்துவரிடம் பேசலாம். ஆனால் செமாகுளுடைடு ஊசியை நிறுத்தியவர்களுக்கு, குறைந்த எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டுக்குள் திரும்பியதை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். ஊசி போடும் மாதங்களிலேயே பாட்டில், நோட்டு, நடை மூன்றையும் பழகிவிடுங்கள்.

கடைசியாக, ஆள். அமெரிக்காவில் 3,234 பேர் கலந்துகொண்ட சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வில், பழக்கங்களை மாற்றும் குழுவினருக்குத் தொடக்கத்தில் பதினாறு பாடங்கள் நடந்தன. அதோடு விட்டுவிடவில்லை, மாதம் ஒருமுறை தொடர்பு வைத்துக்கொண்டே இருந்தார்கள். அவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. உங்களுக்கும் அப்படி ஒருவர் வேண்டும். வீட்டுக்காரரோ மாமியாரோ வேண்டாம். கணக்குக் கேட்பது சண்டையில் முடியும். உடன் வேலை பார்க்கும் அக்கா, பள்ளிக்காலத் தோழி, உணவு ஆலோசகர், யாராக இருந்தாலும் திட்டாமல் கேட்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு காலை அவரை அழைத்து எடையையும், அந்த மாதம் வட்டமிட்ட இரண்டு செயல்கள் எப்படிப் போயின என்பதையும் சொல்லுங்கள். அடுத்த மாதத்துக்கான தேதியை அதே அழைப்பிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.